ஒரே குண்டூசியில் இரண்டு கடிதங்கள்

மார்ச் 3, திங்கள்

இன்று அந்தக் கடிதம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எழுதுவது. எங்கள் கண்காணிப்பு அலுவலகத்தில் ஆணையரையும் சேர்த்து ஐந்து அதிகாரிகள். அரசாங்கத் துறைகள் செலவை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று பார்ப்பது வேலை. எங்கள் சம்பளத்தை நிர்ணயிப்பது நிதிச் செயலர். உயர்த்தச் சொல்லி நாங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். 'தங்கள் கனிவான பரிசீலனைக்கு' என்று முடியும். நான் எழுதும் ஐந்தாவது 'கனிவு' இது. ஒவ்வொரு தடவையும் எழுதிவிட்டுக் கை கழுவுவேன்.

இந்தத் தடவை கூடுதல் கூத்து. ஏழு பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போட்டதாகச் சொல்லி வந்த பில்களை நிதித் துறை நேரில் பார்க்காமலே பாஸ் செய்திருக்கிறது. மூன்றில் கூரையே இல்லை. நானே போய் அண்ணாந்து பார்த்தேன், வானம்தான் தெரிந்தது. அந்த அறிக்கையும் முடிந்துவிட்டது. அதுவும் அதே செயலருக்குத்தான் போக வேண்டும்.

ஆணையர், முதலில் சம்பளம் முடியட்டும், அறிக்கை ஒரு மாதம் பொறுக்கட்டும் என்றார். நான் விடவில்லை. கூரையில்லாத வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். கடைசியில் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். வெற்றிக் களிப்பில் இரண்டையும் தபால் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

ஐயோ.

தபால் பிரிவு அக்காவின் பதிவேட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். 'சம்பளக் கோரிக்கைக் கடிதம், இணைப்பு: ஒன்று' என்றிருந்தது. என்ன இணைப்பு? நான் எதுவும் இணைக்கவில்லையே.

ஒரே விலாசத்துக்குப் போவதை ஒரே உறையில் போடுவது அவர் இருபது வருட வழக்கம். தபால் செலவு மிச்சம் என்று பாராட்டுப் பத்திரமே வாங்கியிருக்கிறார். சம்பளக் கடிதத்தை மேலே வைத்து, அறிக்கையை அடியில் வைத்து, குண்டூசி குத்தி அனுப்பியிருக்கிறார்.

படிக்கிறவர் என்ன நினைப்பார்? சம்பளத்தை உயர்த்து, இல்லாவிட்டால் பின்பக்கம் பார்! வேறு எப்படிப் படிக்க முடியும்? ஆட்டோ பிடித்துச் செயலர் அலுவலகத்துக்கு ஓடினேன். நேற்றே வாங்கி முத்திரை குத்திவிட்டார்களாம்.

வீட்டில் கணவரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார்.

"வெளியாளு பார்த்தா இதை மிரட்டல்னுதான் சொல்லுவான். வேலைக்கே உலை வெச்சுடுவான்."

எனக்குத் தெரியாதா. வேலை போனால்கூடப் போகட்டும். மிரட்டிக் காசு கேட்டவள் எழுதிய அறிக்கை என்று கூரை விஷயத்தையே மூடிவிடுவார்களே. இதுவரை எழுதினதையெல்லாம் தோண்டுவார்களே.

மார்ச் 6, வியாழன்

தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுக்கிறேன். மூன்று அழைப்பு. மூன்றும் தவறான எண்.

மார்ச் 7, வெள்ளி

தபால் பிரிவுக்கு ஒரு மெமோ கொடுத்து விஷயத்தை முடித்துவிடலாம் என்றார் ஆணையர். அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தவள் நான். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதி, என் பெயரில் கையெழுத்திட்டு, செயலர் அலுவலகத்தில் நானே கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் கொஞ்சம் லேசாக இருந்தது. தெருமுனை வந்ததும் மறுபடி கனத்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

கூப்பிட்டுவிட்டார்கள்.

செயலர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேஜையில் இரண்டும் இருந்தன, அந்தக் குண்டூசியோடு. உட்காரச் சொன்னார். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்க கடிதத்தைப் படிச்சேன். கோத்து அனுப்பினவங்க தப்பு பெரிசில்ல. இந்த ரெண்டும் என் மேஜைக்கே வருது பாருங்க, அதான் தப்பு. என்னைப் பத்தி எழுதறவங்களுக்கு நானே சம்பளம் போடறேன். இத்தனை வருஷமா யாருக்குமே உறுத்தலையா?"

"எனக்கு உறுத்துச்சு மேடம். ஆனாலும் கடிதத்தை எழுதிக் கொடுத்தது நான்தான்."

அப்புறம் குண்டூசியைக் கழற்றினார். அறிக்கைக்கு முப்பது நாளில் பதில் வரும் என்றார். சம்பளக் கடிதத்தின் மேல் தானே முடிவு எடுக்காமல் சட்டமன்றக் குழுவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார், நான் எழுதிய ஒரு பக்கத்தையும் சேர்த்து.

படிக்கட்டில் இறங்கினேன். பாதியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பில் எதுவும் பாஸ் ஆகவில்லையா என்று கேட்டார், பாவம்.

ஏப்ரல் 9, புதன்

பதில் வந்தது. மூன்று பள்ளிக்கூடங்களில் கூரை இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வேலை தொடங்க உத்தரவு.

ஜூன் 20, வெள்ளி

குழு முடிவு செய்துவிட்டது. இனி எங்கள் சம்பளம் நீதிபதிகள் சம்பளத்தில் இத்தனை பங்கு என்று சட்டத்திலேயே இருக்கும். அவர்களுக்கு ஏறினால் எங்களுக்கும் ஏறும். பதவியில் இருக்கிறவரை யாரும் குறைக்க முடியாது. யாரிடமும் கேட்கவும் வேண்டாம்.

நாங்கள் கேட்டதைவிடக் குறைவுதான் வருகிறது. ஆணையருக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டில், மிரட்டியும் கம்மியாக வாங்கின ஒரே ஆள் நீதான் என்று கிண்டல். எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்? இனிமேல் அந்தக் 'கனிவு' எழுத வேண்டாம். அவ்வளவுதான். அது போதும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் ஒரு புகார். நிதிச் செயலர் அலுவலகத்துக்கு மேஜை நாற்காலி வாங்கியதில் டெண்டர் விடவில்லை என்று. அதே செயலர்தான். உண்மையாகவும் இருக்கலாம், யாரோ வேண்டாதவர்கள் கிளப்பியதாகவும் இருக்கலாம். படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று அவர் அந்தக் குண்டூசியைக் கழற்றியிராவிட்டால் நான் இந்த நாற்காலியில் இல்லை. அதை மறக்க மாட்டேன்.

கோப்புக்கு எண் போட்டேன். ஆவணங்களைக் கேட்டு அவருக்கு நோட்டீஸ் தயாரித்தேன். கால அவகாசம் என்ற இடத்தில் பேனா நின்றது. பதினைந்து நாள் என்று போட ஆசை. போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

எல்லோருக்கும் ஏழு நாள்தான். ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன்.

மத்தியானம் அவரே போன் செய்தார். நோட்டீஸ் கிடைத்தது, ஐந்து நாளில் அனுப்பிவிடுகிறேன் என்றார். கோப்பில் குறித்துக்கொண்டேன்.