அறுபது கிரெடிட்

6ஆம் தேதி, வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு.

போன ஞாயிற்றுக்கிழமை, 2ஆம் தேதி, காலை பத்தே காலுக்கு நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: பெரியப்பா, சட்டைப்பையில் சிவப்புப் பேனாவும் பச்சைப் பேனாவுமாக, கை வைத்த நாற்காலியில். அத்தையும் மாமாவும் சோபாவில். மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்திருப்பதை மாமா மூன்று தடவை சொன்னார். பெரியப்பா கையோடு கூட்டி வந்த பூகோள வாத்தியார், ரிடையர் ஆனவர், ஜன்னலோரம். உன் அப்பா, கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில், சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர் மாதிரி. நான், நின்றுகொண்டு. ஆக ஆறு பேர். பேசின விஷயம் ஒன்றுதான். நீ அங்கே பூமி அறிவியல் மேல்படிப்பைத் தொடர்வதா, இந்த செமஸ்டரோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புவதா.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் அப்பாவிடம் இருக்கிறது. அவர் ஸ்பீக்கரில் போடாமல் பேச மாட்டார். நம் வீட்டு ஸ்பீக்கர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்தையின் காதுவரை எட்டும். அதனால்தான் தபால். எட்டு நாளில் வந்துவிடும். பெரியப்பாவும் உனக்கு எழுதுகிறார். ஆனால் அவர் எதையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றைத் தனக்கே கோப்பில் வைத்துக்கொள்ளாமல் அனுப்ப மாட்டார். என்னுடையதுதான் முந்தும்.

நீ அனுப்பிய படிப்பு விதிப் புத்தகத்தை, நாற்பத்தாறு பக்கத்தையும், அப்பா அச்சகத்தில் அச்சடித்துத் தைத்து, முதுகில் துணி ஒட்டிக் கொண்டு வந்தார். பைண்டர் மகளின் படிப்பு உதிரித் தாளாக இருக்கக் கூடாதாம். அழகான பைண்டிங். உள்ளே ஒரு வரி அவர் படிக்கவில்லை. பெரியப்பா பதினோராம் பக்கத்தை மட்டும் படித்தார், அதில்தான் எண்கள் இருந்தன. முப்பத்தாறு வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தவருக்கு எண் இல்லாத பக்கம் வெற்றுத்தாள்.

அந்தப் பக்கத்தில் இரண்டு வரிசை. இடது பக்கம் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு. பாடங்கள் இருபத்து நான்கு கிரெடிட், ஆய்வேடு ஆறு, ஆக முப்பது. வலது பக்கம் ஆய்வேடு எழுதாதவர்களுக்கு. பாடங்களே முப்பது, கடைசியில் ஒரு பொதுத் தேர்வு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பெரியப்பா இரண்டையும் சேர்த்துக் கூட்டினார். பச்சைப் பேனாவால் கோடு கிழித்து, சிவப்புப் பேனாவால் அறுபது என்று எழுதி, வட்டம் போட்டார். செமஸ்டருக்கு நீ எட்டு கிரெடிட் எடுக்கிறாய், அறுபதுக்கு ஏழரை செமஸ்டர், அதாவது ஏறக்குறைய நாலு வருஷம், ரெண்டு வருஷம் என்று சொல்லி நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். ஏழரை என்ற எண் காதில் விழுந்த பிறகு அத்தைக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பது வருஷம் பூமியைப் பாடம் நடத்தியவராம். மலை, ஆறு, எரிமலை, கடல் எல்லாவற்றையும் எப்போதோ கண்டுபிடித்து முடித்தாயிற்றாம், இனி ஆராய்ச்சி செய்ய அதில் என்ன மிச்சம் என்று கேட்டார். பூமி அவருடைய பாடப்புத்தகத்தோடு அச்சாகி முடிந்துவிட்டது போலிருக்கிறது. பிறகு அந்த ஆறு வாரக் களப்பயிற்சி விஷயம் வந்தது. மலையில் கூடாரம் போட்டுத் தங்குவதும், பாறையைத் தட்டிப் பார்த்து வரைபடம் போடுவதும் கட்டாயம் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். உடனே மாமா, "கல்லு உடைக்கிறதுக்கு எதுக்கு மாப்ளே டிகிரி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பதற்கு மாமா ஒரு சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் சொல்லிப் பார்த்தேன். டீ கொடுத்துக்கொண்டே, "அந்த ரெண்டு வரிசையையும் சேத்துக் கூட்டக் கூடாதுங்க. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு கிடையாது" என்றேன்.

பெரியப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது பால் கணக்கு இல்லம்மா. நீ போய் பிஸ்கட் இருந்தா கொண்டா" என்றார்.

பால் கணக்கு என்றால் அவருக்கு இளக்காரம். இருபத்தாறு வருஷமாக நோட்டுப் போட்டு எழுதுகிறேன். பஸ்ஸில் போனால் இவ்வளவு, வாடகை வண்டியில் போனால் இவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, இரண்டையும் கூட்டிக் கொடுத்துவிட்டு எவளாவது வீட்டுக்கு வருவாளா? வாத்தியார் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். மேலே தடித்த எழுத்தைப் படித்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரி முடியும் வரை போயிற்று, திரும்பி வந்தது, என்னைப் பார்த்தது. மனிதர் தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, டீயில் சர்க்கரை ஒரு அரை ஸ்பூன் போடலாம் என்றார். தெரியாமல் தப்புச் சொல்கிறவனை ஆண்டவன் மன்னிப்பான். தெரிந்தும் சர்க்கரை கேட்கிறவனை என்ன செய்வான் என்று தெரியவில்லை. நான் போட்டேன், இரண்டு ஸ்பூனாக.

அத்தை கைப்பையில் ஒரு வரனின் போட்டோ இருந்தது. கூட்டிப் பார்த்து அறுபது வந்த பிறகு எடுத்துக் காட்டினார், ஆனால் அறுபது வருவதற்கு முன்பே அது பைக்குள்தானே இருந்தது. பையனுக்குச் சொந்தமாக இரண்டு மாடி. முகம் முதல் மாடியோடு நின்றுவிட்டது. இதை நான் சொல்லியிருக்கக் கூடாது, பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவு: இந்த செமஸ்டர் முடிந்ததும் நீ திரும்பி வர வேண்டியது. பெரியப்பா எழுதினார், மாமா சாட்சி, அப்பா கையெழுத்துப் போட்டார். உன் அப்பா கெட்டவர் இல்லை. பிறர் தைத்துக் கொடுத்ததற்கு அட்டை போட்டுப் பழகிவிட்டார், அவ்வளவுதான். அன்று மதியம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். கேட்டதற்கு, "பிள்ளையே சம்மதம்னு எழுதிடுச்சு, நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

வேறு சேதி: மோட்டார் பம்பு நான்கு நாளாக ரிப்பேர். மேல் வீட்டுத் தையல்காரம்மாவோடு குடம் தூக்கித் தூக்கி எனக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. உன் பூனை பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது, நன்றி கெட்டது. உன் கற்களை நான் அலமாரியில் இருந்து எடுக்கவில்லை. அத்தை எடுக்கச் சொன்னார்.

அவர்களைப் பற்றி எழுதியாயிற்று. இனி உன்னைப் பற்றி.

பிள்ளையே சம்மதம்னு எழுதிடுச்சு என்று அப்பா சொன்னது என்னை உறுத்தியது. திங்கட்கிழமை உன் கடிதத்தை அவரிடம் வாங்கிப் படித்தேன். "பெரியவங்க எல்லாரும் சேர்ந்து என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம்" என்று எழுதியிருக்கிறாய். யார், நீயா? பன்னிரண்டு வயதில் தலை எந்தப் பக்கம் வாருவது என்பதற்கே பெரியவர்களோடு சண்டை போட்டவள். இந்தப் படிப்புக்கு மனுப் போட்டபோது, பெரியப்பா வேண்டாம் என்று சொன்ன அன்றே போய் மூன்று பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தவள். உனக்கு எப்போது பெரியவர்கள் முளைத்தார்கள்?

உன் பள்ளிப் புத்தகங்களை நீ போட்டுவிட்டுப் போகப் போக, பின்னாலேயே நான் படித்து வந்தது உனக்குத் தெரியும். ஒரு வகுப்புப் பிந்தித்தான் வருவேன், ஆனால் ஒரு பக்கமும் தாண்ட மாட்டேன். விதிப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தேன். அகராதியோடு, திங்கள், செவ்வாய், புதன், மூன்று பகல். ஐந்தாம் பக்கம் சேர்க்கை பற்றியது. பட்டப்படிப்பில் இயற்பியலும் வேதியியலும் ஒரு வருஷம், கனிமப் பாடம் ஒன்று, உயர்கணிதம் இரண்டு செமஸ்டர். இதில் ஏதாவது குறைந்தால் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள். குறைந்த பாடத்தை முதல் வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் சேர்க்கை தானாக ரத்து, தனியாகத் தெரிவிக்க மாட்டார்கள்.

அப்புறம் விதிப் புத்தகத்தோடு நீ அனுப்பியிருந்த மார்க் பட்டியலை எடுத்தேன். நான்கு பாடம். மூன்றுக்கு மார்க், நல்ல மார்க். நான்காவது உயர்கணிதம். அங்கே மார்க் இல்லை, ஒரு நட்சத்திரக் குறி. ஞாயிற்றுக்கிழமை அத்தைகூட அதைப் பார்த்து, நட்சத்திரமெல்லாம் போட்டிருக்காங்களே, நல்லாத்தான் படிக்கிறா பாவம் என்றார். அடியில் பொடி எழுத்தில் இருப்பதை ஒருவரும் படிக்கவில்லை. நான் படித்தேன். தேர்வு எழுத வரவில்லை என்று போட்டிருக்கிறது.

கடைசியாக உன் சேர்க்கைக் கடிதத்தை என் ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பிரித்தேன். அது வந்த அன்று நீதான் எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். முதல் பத்தி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மூன்றாவதற்குப் போயிருக்கிறாய். சந்தோஷத்தில் மூச்சு முட்டுகிறது என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டு வந்தேன். அந்த இரண்டாம் பத்தியில்தான் உயர்கணித நிபந்தனை இருக்கிறது.

ஆக, கணக்கு எனக்கு இப்படி வருகிறது. உயர்கணிதத் தேர்வுக்குப் பயந்து நீ போகவில்லை. மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்க இந்த மாதம் 24ஆம் தேதி கடைசி என்று விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் போனால் அவர்களே உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் வீட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டால் உனக்கு மானம் மிச்சம். படிக்க ஆசைப்பட்டேன், பெரியப்பா விடவில்லை என்று சொல்லிக்கொண்டு ஆயுசுக்கும் இருக்கலாம். அதற்காகத்தான் அந்தப் புத்தகத்தை அப்பாவுக்கு அனுப்பினாய். அவர் பெரியப்பாவிடம் கொண்டுபோவார், பெரியப்பா தடுப்பார் என்று உனக்குத் தெரியும். அவர் இப்படிக் கூட்டித் தடுப்பார் என்பதுதான் தெரிந்திருக்காது.

அந்த நான்கு பேரை நான் இளப்பமாக எழுதினேன். ஆனால் அவர்களில் மூன்று பேர் தெரியாமல் செய்ததை, நீ தெரிந்து செய்யச் சொல்லியிருக்கிறாய். அந்த வாத்தியாருக்கும் உனக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்தேன், அதிகமில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உன் பழைய கணக்குப் புத்தகத்தை நேற்றுத் திறந்தேன். என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான். மாறிக்கொண்டே இருக்கிற ஒன்று இந்த நொடியில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கேட்கிறார்கள். அது வரை புரிந்தது. அடுத்த பக்கம் புரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பயந்ததற்கு உன்னைத் திட்டவில்லை. ஆண்டவனிடம் உனக்காக மார்க் கேட்கவும் போவதில்லை, அவருக்கு முன்னால் எனக்கு வெட்கம். நீ அந்த அறைக்குள் போய் உட்காரும் தைரியத்தை மட்டும் கேட்டு வருகிறேன்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நீ. பெரியப்பாவின் கடிதம் வந்தால் வாங்கி வைத்துக்கொள், பதில் எழுதாதே. இங்கே அவரைப் பார்த்துக்கொள்வது என் பாடு. அறுபதை முப்பது ஆக்க எனக்கு ஒரு பகல் போதும், இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டு பேசுவேன்.

தேர்வு எழுதித் தோற்றால் வா, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். எழுத முடியவில்லை அம்மா, பயமாயிருக்கிறது என்று சொன்னாலும் வா, அதற்கும் வருகிறேன். பெரியவர்கள் கூப்பிட்டார்கள், அதனால் வந்தேன் என்று மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதே, கண்ணு. அதை நம்புகிற மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இரவில் வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே. ஆண்டவன் உன் கூடவே இருப்பான்.

மறுதேர்வுக்குப் பெயர் கொடுத்தாயா, இல்லையா என்று ஒரு வரி எழுது. என் பெயருக்கே போடு, தபால்காரர் பகலில்தான் வருவார். 24ஆம் தேதி வரை காத்திருக்காமல் சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா