சுண்டெலி கண்ட வெளிச்சம்

பூதலூர்
12.6.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்வரி சொல்ல, பக்கத்து வீட்டு ஆமினா எழுதுவது. மேட்டூர் திறந்தாலும் நம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரப் பத்து நாள் ஆகுமாம். அப்பா நாற்றங்கால் போட்டுவிட்டார். அம்மாவுக்கு முட்டிவலிதான் தீரவில்லை.

ஊனமுற்றவர்களுக்கு எஸ்.டி.டி. பூத் ஒதுக்குகிறார்கள். ரயிலடியில் எனக்கு ஒன்று தருவார்களாம். அதற்கு முன் திருச்சியில் ஆறு மாதம் பிரெய்ல் படிக்க வேண்டும். "அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்க" என்கிறார் அப்பா. போகட்டுமா?

தஞ்சாவூர் ரோட்டில் உன் பைக்கிலிருந்து நான் விழுந்து, கண் போய் இரண்டு வருடமாகிறது. நீ இன்னும் அழுகிறாயாமே. லாரிக்காரன் வந்து இடித்ததற்கு நீ என்ன செய்வாய்? வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
ஈஸ்வரி

பாஸ்டன்
3.7.1999

என் செல்லத் தங்கைக்கு,

பூத்தும் வேண்டாம், பிரெய்லும் வேண்டாம். நீ இருட்டுக்குப் பழகிவிடக் கூடாது.

இங்கே எங்கள் ஆய்வகத்தில் சுண்டெலியின் கண் நரம்பை நசுக்கிவிட்டு, விழிக்குள் மருந்து செலுத்துகிறோம். உனக்கு நசுங்கியதும் அதே நரம்புதான். வளரவே வளராது என்றார்களே, அது நசுங்கிய இடத்தைத் தாண்டி வளர்ந்திருக்கிறது! மயிரிழைதான். ஆனால் நானே பார்த்தேன். ஐந்து வருடம் பொறுத்துக்கொள். உன்னை இங்கே கூட்டி வந்துவிடுவேன்.

அண்ணன்
அரவிந்தன்

பூதலூர்
9.2.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. இந்த வருடம் தண்ணீர் வராமல் சம்பாவும் கருகிவிட்டது.

எனக்கென்று சொன்ன பூத்தைக் கால் ஊனமான பர்வினுக்குக் கொடுத்தார்கள். நன்றாக நடத்துகிறாள்.

உரக்கடை சிங்காரவேலு பெண் கேட்டு வந்தார். "கண்ணு தெரியலன்னா என்னங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். "அண்ணன் சரி பண்ணிடும், அப்புறம் பேசலாங்க" என்று சொல்லி அனுப்பினேன். கண்ணால் பார்க்காத முகத்தோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

உன் எலிகளுக்கு இப்போது எவ்வளவு தெரிகிறது? எழுது.

ஈஸ்வரி

பாஸ்டன்
20.8.2006

ஈஸ்வரிக்கு,

ஆய்வகத்தை விட்டுவிட்டேன். வேறு கம்பெனியில் வேலை.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். அந்த மருந்தை அடிபட்ட சில நாளுக்குள் கொடுத்தால்தான் உண்டு. தாமதித்தால் கண்ணுக்குள்ளேயே செல்கள் செத்துவிடும். பிறகு வளர எதுவும் மிச்சமிருக்காது. நான் இங்கே சேர்ந்தபோதே உனக்கு ஒரு வருடம் தாண்டியிருந்தது. சேர்ந்த முதல் மாதமே தெரியும். உனக்கு ஒரு நம்பிக்கை வேண்டுமே என்று சொல்லாமல் இருந்தேன்.

இனிமேலாவது பிரெய்ல் படி. மன்னித்துவிடு.

அரவிந்தன்

பூதலூர்
14.9.2006

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஆமினா பாதியில் நிறுத்திவிட்டாள். "இதுக்கு மேல என்னால படிக்க முடியலடி" என்றாள். நான்தான் வற்புறுத்திப் படிக்க வைத்தேன்.

திருச்சியில் விசாரித்தோம். இருபத்தைந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லையாம். எனக்கு இருபத்தொன்பது. எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டதால் பர்வின் பூத்தை மூடிவிட்டாள். சிங்காரவேலுவுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவளைத் தூக்கிவந்து என் மடியில் உட்கார வைத்தார்.

என் கண்ணைப் பறித்தது அந்த லாரி. அதற்கு உன்னை ஒரு நாளும் நான் குறை சொன்னதில்லை. இந்த ஏழு வருடத்தைப் பறித்தது நீ. நம்பிக்கை உனக்கு வேண்டியிருந்தது அண்ணா. அதை வைத்துக்கொள்ள என்னைக் காத்திருக்க வைத்தாய்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மருந்து வரும் என்று இன்னும் விளக்கேற்றுகிறாள். அவளுக்கு நீயே எழுது.

எனக்கு எழுதாதே. வந்தால் ஆமினா பிரிக்க மாட்டாள்.

ஈஸ்வரி