கூட்டுக்குள் அடங்காத மரபணு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வைரஸ் குறைவாகத்தான் வந்திருக்கிறது. செல் வளர்க்கும் தட்டில், வைரஸ் நுழைந்த செல்களில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை ஒளி. மற்ற செல்களெல்லாம் இருட்டு. வைரஸிலிருந்து தீங்கு செய்வதையெல்லாம் எடுத்துவிட்டு அதை வெறும் வண்டியாக்கி, மனித மரபணு ஒன்றை ஏற்றி அனுப்புகிறோம். சின்ன மரபணு என்றால் சமர்த்தாகப் போய் இறங்கும். இது நீளம். வைரஸின் கூடு கொள்ளவில்லை.

ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்து, "இன்னும் மல்லுக்கட்டிட்டுதான் இருக்கீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

தங்கை கூப்பிட்டாள். அவள் மகள் வாலுவின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். ஆறு வயது முடிந்தும் வாலுவுக்குப் பேச்சு வரவில்லை. நடையும் தாமதமாகத்தான் வந்தது. காரணம் இதுவரை யாருக்கும் தெரியாது. அறிக்கையைப் படமெடுத்து அனுப்பினாள்.

நான் தினமும் சோதனைக் குழாய் மூடிகளில் எழுதும் மரபணுவின் பெயர்தான் அதில் இருந்தது. இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது.

இதுபோன்ற குழந்தைகளிடம் அடிக்கடி அகப்படுவது இந்த மரபணுவின் பழுதுதான். அதனால்தான் நாங்களும் இதை எடுத்தோம். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் உட்கார்ந்துகொண்டேன்.

"படிச்சியாக்கா?"

"படிச்சேன்."

"உனக்குத் தெரிஞ்சதா?"

"தெரிஞ்சதுதான். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வர்றேன், உக்காந்து சொல்றேன்."

மார்ச் 16, ஞாயிறு

தங்கை வீடு. சாப்பாட்டு மேசையில் நூல்கண்டை வைத்துக்கொண்டு விளக்கினேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. எனும் மரபிழை இப்படித்தான் இறுகச் சுற்றிக் கிடக்கிறது. எந்த இடத்தைப் படிக்க வேண்டுமோ அங்கே சுற்றைத் தளர்த்திவிடுவது இந்த மரபணுவின் வேலை. வாலுவுக்கு அந்த வேலைக்குப் பாதி ஆள்தான் இருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் வாலு நூல்கண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அறையெல்லாம் நூல்.

தங்கை செல்போனை நீட்டினாள். வெளிநாட்டுச் சிகிச்சை மையம் ஒன்றின் விளம்பரம். "ஒரே ஊசிதானாம். மரபணுவையே சரி பண்ணிடுவாங்களாம்."

"இந்த மரபணு வைரஸுக்குள்ள அடங்காது. நீளம் அப்படி. அவங்க ஏத்தறது வேற என்னமோ."

"உன்னால முடியலன்னா யாராலயும் முடியாதா?"

"நான் அப்படிச் சொல்லல."

"உனக்குத் தெரிஞ்சதெல்லாம் உன் தட்டுல இருக்கறதுதான்." எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 17, திங்கள்

தங்கை போனை எடுக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பச்சை ஒளிக்கான துண்டை வெட்டி எடுத்துவிட முடிவு செய்தேன். செல்லுக்குள் வைரஸ் போனதா என்று நமக்குக் காட்டுவதைத் தவிர அதற்கு வேலை இல்லை. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறது. தலைவருக்கு மனசில்லை. "பச்சை போயிட்டா மாநாட்டுல என்னத்தக் காட்டுவீங்க?"

"காட்ட ஒண்ணும் இருக்காது சார். மரபணு உள்ள போகும்."

மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, வெட்டுங்க," என்றார்.

ஏப்ரல் 9, புதன்

தங்கையின் கணவர் கூப்பிட்டார். டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்த மையத்துக்குத்தான்.

"நீங்க தடுத்தீங்கன்னு அவளுக்குக் கோவம் இல்ல அண்ணி. முடிவு வந்தன்னிக்கு நீங்க ஒரு 'ஐயோ'கூடச் சொல்லலியாம். அதைத்தான் சொல்லிச் சொல்லி அழறா."

சொல்லவில்லைதான். சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு மட்டும் வயிறு எரியலியா— நான் தூக்கி வளர்த்த பொண்ணுதானே அது? உடனே மூக்கைச் சிந்தலன்னா கல்லா? மேலே எழுத வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

போனேன். நீளம் அகலம் எதுவும் பேசவில்லை. வாலு என் மடியில் ஏறி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தானே போட்டுக்கொண்டாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன். "கண்டதை ஏத்தி, இவ உடம்பு அதை ஏத்துக்கலன்னா? அந்த மாதிரி ஆனதா நான் படிச்சிருக்கேன்."

கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு வாய்ல நீளம்தான் வந்துச்சு."

சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள். நானும்தான். மாப்பிள்ளை காபி போட்டுக் கொண்டுவந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தம்ளர்களோடு அப்படியே திரும்பிப் போனார்.

ஏப்ரல் 21, திங்கள்

என்ன மரபணு, எதில் ஏற்றுகிறீர்கள் என்று தங்கையே அந்த மையத்திடம் கேட்டிருக்கிறாள். "குழந்தைக்கு என்ன குறைன்னுகூடக் கேக்கலக்கா. எந்தத் தேதில வர்றீங்கன்னு மட்டும் போன்ல பேசினவன் கேட்டுட்டே இருந்தான்." டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். குரல் தட்டையாக இருந்தது. ஒரு கதவை நானும் சேர்ந்து சாத்தியிருக்கிறேன். திறந்துவிட என்னிடம் வேறு கதவு இல்லை.

மே 6, செவ்வாய்

பச்சைத் துண்டு போனதும் மரபணு வைரஸின் கூட்டுக்குள் அடங்கியது. அது உண்டாக்க வேண்டிய புரதம் செல்களில் உருவாகியிருக்கிறது. அதற்குச் சாட்சி சோதனைத் தாளில் விரல் நகத்தளவுக்கு ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?" என்றார் தலைவர். பிறகு அதைக் கையில் எடுத்து, அறை அறையாகப் போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார்.

மே 23, வெள்ளி

அடுத்தது, இந்த மரபணுவில் குறையுள்ள குழந்தைகளின் செல்களிலேயே போட்டுப் பார்ப்பது. மருத்துவமனை டாக்டர் பெற்றோர்களிடம் தோல் மாதிரி கேட்கிறார். நான் தங்கையிடம் வாயைத் திறக்கவில்லை. அவளே சொன்னாள்: "இதனால வாலுவுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு டாக்டர் ரெண்டு தடவ சொல்லிட்டார். தெரிஞ்சுதான் குடுத்தேன்." பிறகு, "மரத்துப்போக ஊசி குத்தினப்போ வாலு டாக்டரோட பேனாவ எடுத்துட்டா," என்றாள்.

ஜூலை 10, வியாழன்

மாதிரிகள் வந்து வளர்ந்துவிட்டன. பெயர் கிடையாது, எண்தான். தங்கை கேட்டாள்: "நம்ம வாலு எப்படி இருக்கா அங்க?"

"எது அவளோடதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

"அப்போ எல்லாத்தையும் நல்லா பாத்துக்க."

ஜூலை 12, சனி

விடுமுறை. ஆய்வகத்தில் யாரும் இல்லை. செல்களுக்கு இன்று ஊட்டநீர் மாற்ற வேண்டியதில்லை. திங்கட்கிழமை மாற்றினால் போதும். போய் எல்லாத் தட்டுக்கும் மாற்றிவிட்டு வந்தேன்.