நீ கெடுத்த ஏழு துண்டுகள்

நீ எனக்காகக் காத்திருக்கவில்லை. அந்த டேப்பரை நான் இல்லாதபோது கடைந்தாய். இதில் பேச ஒன்றுமில்லை. நடந்தது அதுதான்.

போன வாரம் உன் அக்கா என் ஊர் குரங்கணிக்கு வந்தார். ஜீப்பு டிரைவர் ஒரு ஏலக்காய்ச் சாக்கை இழுத்து இறக்கி, "ஏலக்காய் எப்பண்ணே இம்புட்டுக் கனமாச்சு" என்று என்னிடம் முனகிவிட்டு, என் தகரக் கொட்டகை வாசலில் போட்டுவிட்டுப் போனார். சாக்கின் வாயை அவிழ்த்ததும் ஏலக்காய் மணமும் கட்டிங் ஆயில் நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. இந்த இரண்டும் ஒன்றாக அடிக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், உன் ஷெட். நீ செத்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் அந்த நாற்றத்துக்கு என் கை தன்னால் வேஸ்ட் துணியைத் தேடுகிறது.

மேலே எண்ணெய்த் துணியில் சுற்றி அந்தக் காலெட் சக் இருந்தது. அடியில் வேறு இரும்பும் கிடந்தது. அப்போது நான் அதைப் பார்க்கவில்லை.

பாலிடெக்னிக்கில் நமக்கு ஒரே பெஞ்சு. மார்க்கும் ஏறக்குறைய ஒன்று, சொல்லப்போனால் எனக்கு நாலு கூட. படிப்பு முடிந்த மறுவாரம் நான் போடியில் ஒரு லேத்துப் பட்டறையில் மோட்டார் ஷாப்டு கடைய நின்றேன். நீ உன் அப்பாவின் ஏலக்காய்க் குடோனுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு சின்ன லேத்தை இறக்கினாய். எதற்கு என்று கேட்டேன்.

"சும்மாதான் மாப்ளே, ஒரு ஆசைக்கு."

என் சோறு உனக்கு ஆசை. உன் அப்பா ஏலத்தில் எடுக்கும் காயைப் பறிக்க, என் அம்மா விடியும் முன்னே ஒரு ஜீப்பில் ஆளோடு ஆளாக அடைபட்டுப் போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்குள் நான் போனதில்லை. குடோன் பக்கத்து இரும்புக் கேட்டு வழியாக வருவேன், அதே வழியில் திரும்புவேன். காப்பி ஷெட்டுக்கே வந்துவிடும். ஏன் இப்படி என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கடைத்தெருவில் உனக்குப் பெயர் 'இஞ்சினியர் தம்பி'. எனக்கு 'லேத்துக்காரப் பய'. ஒரே படிப்பு, ஒரே மெஷின். நீ ஒரு கதவுக் கொண்டி கடைந்து கொடுத்தால் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் கடைந்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வெரசா முடித்திருக்கலாம் என்பார்கள்.

காலெட் சக் என் யோசனை. ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்புக்குள் மெல்லிய பித்தளை ஊசி ஒன்று இருக்கும். தேய்ந்தால் பம்பு அழுத்தம் பிடிக்காது. அதை வேகமாகக் கடைந்து கொடுத்தால் மலை முழுக்க ஆள் உண்டு. ஆனால் லேத்தோடு வரும் மூன்று தாடைச் சக்கில் அவ்வளவு மெல்லிய கம்பியைப் பிடித்தால் ஆடும். காலெட் என்பது கீறல் கீறலாகப் பிளந்த எஃகுக் குழல். கம்பியை அதற்குள் விட்டு, சக்கின் கூம்பு வாய்க்குள் வைத்து மூடியை முறுக்கினால், சுற்றிலும் ஒரே சீராக நெருக்கிப் பிடிக்கும். காலெட்டையும் மூடியையும் கடையில் வாங்கிவிடலாம். சக்கின் உடலை நாம்தான் செய்தாக வேண்டும். அதன் உயிர் உள்ளே கூம்பாகச் சரியும் அந்த எட்டு டிகிரி டேப்பர். அது சரியாக வந்தால் எல்லாம் சரி.

பழைய லாரி ஆக்சிலில் ஒரு சாண் துண்டு நான்தான் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். அடுப்பில் பழுக்கவைத்துச் சாம்பலில் ஆறவிட்டதும் நான். உன் லேத்தில் வெளிப்பக்கம் கடைந்து, பின்னால் லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலுக்கான மரையும், முன்னால் மூடிக்கான மரையும் போட்டதும் நான். டேப்பரை அடுத்த ஞாயிறு நான் வந்து போடுவதாகப் பேச்சு. நீ சரி என்றாய்.

அந்த ஞாயிறு என்னால் வர முடியவில்லை. காய் சீசன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் காற்றாடி ஷாப்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டறைக்கு வந்தன. ஓனர் லீவு தரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது வாரம் நீ போன் செய்தாய். "மாப்ளே, முடிச்சுட்டேன். வந்து பாரு."

வந்து பார்த்தேன். காலெட்டில் ஒரு கம்பியைப் பிடித்து டயல் கேஜை வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினேன். டயலில் ஒரு கோடு என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முள் அரைக் கோடு அசைந்தது. கம்பியை மாற்றிப் பார்த்தேன். அரைக் கோடு. நீ ஏலக்காய் மூட்டையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய்.

எத்தனையாவது முயற்சியில் வந்தது என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு வந்துருச்சு மாப்ளே."

இந்த ஒரு வரி என்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. பகல் முழுக்க லேத்தில் நிற்கிறவன் நான். ஆசைக்குக் கடைகிறவன் நீ. முதல் முறையிலேயே உனக்கு அரைக் கோட்டில் வருகிறதென்றால் உன் கையில் இருக்கும் எதுவோ என் கையில் இல்லை. காசு, ஷெட்டு, கடைத்தெரு மரியாதை எல்லாம் உன் பக்கம் என்பது எனக்குப் பழகியிருந்தது. கையாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன். அன்று அதுவும் போயிற்று. "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்காமல் கிளம்பினேன்.

அதன் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் சோலி இருக்கிறது என்றேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து உன்னைக் காய்ச்சல் என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் முடிந்துவிட்டது. உன் வீட்டுக்குள் நான் முதல்முதலாக நுழைந்தது அன்றுதான். யாரும் தடுக்கவில்லை.

பட்டறை ஓனர் புது மெஷின் வாங்கியபோது பழைய சின்ன லேத்தை நான் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டோரம் கொட்டகை போட்டேன். இதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா வந்திருக்கிறார். உன் லேத்தைத் தேவாரம் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுபோய்விட்டாராம்.

"அப்பா இதயெல்லாம் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாரு தம்பி. எனக்கு மனசு கேக்கல" என்று சொல்லி, சாக்கைச் சாய்த்தார். ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. அதே கனத்தில் ஏழு ஆக்சில் துண்டுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு டேப்பர்.

மேசையில் வரிசையாக வைத்தேன். ஒன்றாவதில் டூல் அதிர்ந்து உள்ளெல்லாம் அலை அலையாக இருந்தது. இரண்டாவதில் கோணம் தவறு. மூன்றாவதில் ஆழம் மிஞ்சிப்போய்க் காலெட் உள்ளே விழுந்துவிடுகிறது. ஆறாவது பார்க்க நன்றாக இருந்தது, காலெட்டில் நீலம் தடவி உள்ளே வைத்துப் பார்த்தால் பாதிதான் ஒட்டுகிறது. ஏழாவதில் குறை கண்டுபிடிக்க எனக்கே நேரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் என் துண்டைத் தொட்டிருக்கிறாய்.

அது பாட்டுக்கு வந்ததாம்.

எனக்கு வயிறு எரிந்தது இந்த ஏழு துண்டுகளைப் பார்த்துத்தான். நான் ஒரு துண்டுக்கு அலைந்தேன், நீ முழு ஆக்சிலை வாங்கியிருக்கிறாய். ஏழு துண்டைக் கெடுத்திருக்கிறாய், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பட்டறையில் நான் ஒன்றைக் கெடுத்தால் அன்றைக்கே எல்லார் முன்னாலும் பேச்சு வாங்க வேண்டும். உன் கைக்கு இருந்தது இதுதான். வேறொன்றும் இல்லை. இதை நீ அன்றே சொல்லியிருந்தால், அந்த இரண்டு மாத ஞாயிறும் நான் உன் ஷெட்டில் இருந்திருப்பேன்.

அக்கா கிளம்பும்போது சொன்னார். "மூணு வாரம் சோறு தண்ணிக்குக்கூட ஒழுங்கா வரல. கேட்டா, 'அவன் வந்தான்னா மொத வெட்டுலயே போட்டுருவான்க்கா, அவன் முன்னால நான் கெடுக்கக் கூடாது'ன்னான்."

முதல் வெட்டிலேயே போடுவது திறமை என்று நினைத்திருக்கிறாய். அது பயம். இரண்டாவது துண்டு இல்லாதவனின் பயம்.

மறுநாள் சக்கை என் லேத்தில் மாட்டினேன். நல்லவேளை, மரை இரண்டுக்கும் ஒன்றுதான். டயல் ஆறு கோடு ஆடியது. எதிர்பார்த்ததுதான். எந்த ஸ்பிண்டிலில் மாட்டிக் கடைந்தோமோ அதில்தான் நேராக ஓடும். இது உன் லேத்துக்கு நேர். என் லேத்துக்கு வேண்டுமென்றால் உள்ளே ஒரு மெல்லிய வெட்டு எடுக்க வேண்டும். அதாவது நீ கடைந்த பரப்பை நான் சுரண்டி எடுக்க வேண்டும்.

இரண்டு நாள் தொடவில்லை. பாசம் என்று நினைக்காதே. கெட்டுவிட்டால் உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை என்றாகிவிடும். பிறகு உன் ஏழு துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, மறுமுனையில் பழகினேன். முதல் நாலும் கெட்டன. விசில் அடித்துக்கொண்டு கெடுத்தேன். இத்தனை வருடத்தில் கெடுப்பதற்கென்றே இரும்பு எனக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஐந்தாவது சரியாக வந்தது. ஆறும் ஏழும் வந்தன.

நேற்று மத்தியானம் சக்கில் வெட்டு எடுத்தேன். உன் பரப்பு முடிமுடியாகச் சுருண்டு தட்டில் விழுந்தது. துடைத்துவிட்டு டயலை வைத்தேன். முக்கால் கோடு.

ஊசிக்கு இது போதும், தாராளமாகப் போதும். ஆனால் உன்னுடையது அரை. கால் கோடு நீ இன்னும் முன்னால் இருக்கிறாய், நான் எட்ட முடியாத இடத்திலிருந்து. அது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கும் பிடிக்காது.

அக்காவிடம் சொன்னாயே, அவன் வந்தால் போட்டுவிடுவான் என்று. அதை எதற்கு அக்காவிடம் சொன்னாய்? என்னிடம் சொல். இந்தக் கொட்டகைக்குள் வந்து, என் மூஞ்சியைப் பார்த்து ஒரு தடவை சொல்லு மாப்ளே.