பதினோராவது சேதம்

கதிர்காமம்,
புதுச்சேரி.
சனிக்கிழமை காலை.

அன்பு மகன் இனியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் சர்க்கரையும் பிரஷரும் மாத்திரை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கின்றன, மழைக்கு முட்டிவலி கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி சுகம். கனடா குளிரில் நீயும் மருமகள் சிந்துஜாவும் இருமல் சளி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, முழுசும் படித்துத்தான் ஆகவேண்டும், அதனால்தான் கடைக்குப் போய் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மேல் வீட்டு விஷயம்தான். ஆறு வருஷமாகக் குடியிருந்த தனக்கொடியையும் அவள் புருஷன் கண்ணையனையும் இந்த மாதத்தோடு காலி செய்யச் சொன்னாய். சொன்னது நீ, சொல்லவைத்தது உன் அத்தை மகன் பக்கிரி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் மூன்று மடங்கு வரும் என்று உன் காதில் ஓதினான், நீயும் தலையாட்டினாய். பிறகு அவனே ஒரு கையில் ஒரு போன் இன்னொரு கையில் இன்னொரு போன் என்று வந்து நாற்பது போட்டோ பிடித்து அனுப்பினான், நீ அங்கே உட்கார்ந்து அதைப் பெரிசாக்கிப் பார்த்துப் பதினோரு சேதம் என்று நம்பர் போட்டு ஒரு பட்டியல் அனுப்பினாய். அறுபதாயிரம் அட்வான்ஸில் ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்படி எனக்கு உத்தரவு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சாமான் ஏற்றுகிற வண்டிக்குக்கூடக் காணாது. தனக்கொடி சாரம் ஏரியாவில் ஒரு வீடு பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தைந்தாயிரம் அட்வான்ஸ் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள், நம்மிடம் கிடக்கும் அவள் பணத்தை நம்பி. அது இல்லையென்றால் அந்த வீடு கிடையாது, இந்த வீடும் கிடையாது.

பட்டியலைப் படித்ததும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் மில்லில் இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டினவன். நாடா என்று ஒன்று உண்டு, தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாள் முழுக்க ஓடுகிற மரக்கட்டை. அது தேய்ந்து போனால் ஸ்டோரில் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ளலாம், ஓட்டுகிறவன் உடைத்துவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். ஸ்டோரில் இருந்த மனுஷன் கண்ணாடிகூடப் போடமாட்டார், கட்டை விரலை நாடாவின் மேல் ஒரு இழுப்பு இழுப்பார், வழவழவென்று இருந்தால் தேய்ந்தது, கையைக் கீறினால் உடைத்தது, அவ்வளவுதான் விசாரணை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த முரட்டு முதலாளிகூடத் தேய்ந்ததற்குத் தொழிலாளியிடம் காசு கேட்டதில்லை. நீ கேட்கிறாய். அதனால் நான் உன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போய் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தேன்.

முதல் சேதம், ஜன்னல் கம்பி துரு. கண்ணையன் என்ன, தினமும் உப்புத் தண்ணீர் ஊற்றி வளர்த்தானா? கடல் காற்று அடிக்கிற ஊரில் கம்பிக்கு ரெட் ஆக்சைடு அடித்து அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மேஸ்திரி தலையால் அடித்துக்கொண்டார், அன்றைக்கு வேலையை மேற்பார்த்த மகானுபாவன் பக்கிரிதான், ஒரு கோட் மிச்சம் பிடித்தவனும் அவன்தான். அந்தக் கோட்டுக்கான காசு எந்தப் பாக்கெட்டுக்குப் போனது என்று உனக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லேன். குழாய் வாயெல்லாம் வெள்ளை படிந்து அடைத்திருக்கிறதாம். போர் தண்ணீர் உப்பு, கீழே என் குழாயும் அப்படித்தான் அழுகிறது, என்னையும் காலி செய்யச் சொல்வாயா? அடுப்பு முன்னால் டைல்ஸ் பளபளப்புப் போயிருக்கிறதாம். ஆறு வருஷம் ஒருத்தி அங்கே நின்று சமைத்தாள் என்று அர்த்தம், பறந்துகொண்டு சமைக்க அவளுக்குத் தெரியாது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி அறைச் சுவரில் ஓதம் ஏறியதைக்கூட அவர்கள் தலையில் கட்டியிருக்கிறாய், மழை பெய்ததற்கும் அவள்தான் ஜவாப்தாரி போலிருக்கிறது. எல்லாவற்றையும் விட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது ஆறாவது. நிலைப்படியில் மஞ்சள் கறை, மரத்தை இழைத்துப் பாலிஷ் போட நாலாயிரம். அடேய், அது நம் வீட்டு வாசப்படி. கிரகப்பிரவேசத்தன்று முதல் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தது உன்னைப் பெற்றவள். அவள் போனபிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அதை விடாமல் செய்தவள் தனக்கொடி. உன் அத்தை வீட்டு நிலைப்படியில் ஒரு விரற்கடை மஞ்சள் இருக்கும், பக்கிரி அதைத் தாண்டித்தான் தினமும் சோற்றுக்குப் போகிறான், அங்கே அவன் கண்ணுக்குக் கறை தெரியவில்லை.

அதற்காகக் கண்ணையன் சொக்கத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஷேர் ஆட்டோவைக் கேட்டுக்கு நேரே நிறுத்திவிட்டு, எடுக்கச் சொன்னால் தோ எடுக்கறேன் நைனா என்று அரை மணி நேரம் பல் விளக்குகிற ஜென்மம் அது. குடித்துவிட்டு வந்து பாத்ரூம் தாழ்ப்பாளை உதைத்தே பெயர்த்தான், விரலை வைத்தால் கீறுகிறது, அது சேதம். சமையல் மேடைக் கல்லில் ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது, அரிசி இடிக்கிறேன் என்று உரலை மேடை மேலேயே வைத்து இடித்திருக்கிறாள் தனக்கொடி, கீறுகிறது, அதுவும் சேதம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள், இந்தக் கல் உடைந்தது உன் நாற்பது போட்டோவில் ஒன்றிலும் இல்லை. பக்கிரியின் இரண்டு போனுக்கும் தெரியாததை அவளே வந்து, மேடக்கல்லு என் கையால ஒடஞ்சதுங்க, அதுக்குப் புடிச்சுக்குங்க என்று சொன்னாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே நியாயத்தை என்னிடம் பேசினவனே நீதான். இரண்டு வருஷத்துக்கு முன் நீ அங்கே வாடகை வீடு மாறினாயே, கார்ப்பெட் மங்கிப்போச்சு என்று உன் வீட்டுக்காரன் காசு பிடித்தபோது ஒரு மணி நேரம் போனில் குதித்தாய். அன்றைக்கு உனக்கு ஒரு மீட்டிங்கும் வரவில்லை. பொழங்கித் தேஞ்சதுக்கெல்லாம் காசு புடிக்கக்கூடாதுப்பா, இங்க அதுக்குச் சட்டமே கீது என்று நியாயம் பேசினாய், எழுதிப் போட்டு வாங்கியும் விட்டாய். என் மகனுக்கு எவ்வளவு விவரம் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நியாயம் விமானம் ஏறி வராது போலிருக்கிறது. வாடகை கொடுக்கும்போது ஒரு கண், வாங்கும்போது ஒரு கண். இதற்கா உன்னை ஓவர்டைம் பார்த்துப் படிக்கவைத்தேன் என்று கேவலமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

இனி உன் பதினோராவது. ஹால் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, சுரண்டிப் பட்டி பார்த்து அடிக்க ஆறாயிரத்து ஐந்நூறு. பக்கிரி அதை மட்டும் நாலு பக்கமும் நின்று படம் பிடித்தான், பாருங்க மாமா எப்பிடி நாசம் பண்ணிக்கீறாங்க, சீ, இன்னா ஜனமோ என்று முகத்தைச் சுளித்தான். படத்தை மறுபடி எடுத்துப் பார். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், தேங்காய் அளவுக்கு வட்டமாக இருக்கிறது. கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவரில் தலை சாய்க்கிறவனுடைய கறை அது. கண்ணையன் தலைக்கு ஜெல் தடவுகிறவன், நாற்காலியை விட்டு இறங்கமாட்டான். தனக்கொடிக்கு உட்கார நேரமில்லை. அந்த வீட்டில் எண்ணெய்த் தலை யாருக்கு என்று நீயும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அது என் தலைடா. உன் அம்மா போய் மூன்று வருஷமாக, இரண்டு வேளையும் நான் அங்கேதான் சாப்பிடுகிறேன். நீ ஏற்பாடு செய்த மெஸ் சாப்பாடு மூன்றாம் வாரமே வயிற்றைக் கெடுத்துவிட்டது, உன்னிடம் சொன்னால் கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை, குடியிருக்கிறவர்கள் வீட்டில் வீட்டுக்காரன் சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் கௌரவம் போய்விடும் என்றும் சொல்லவில்லை. மாதம் ஒரு சிப்பம் அரிசி நான் வாங்கிப் போடுவேன், குழம்பு அவள் வைப்பாள். சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவரில் சாய்ந்து செய்தி பார்ப்பேன், அப்படியே தூங்கிவிட்டால் எழுப்பமாட்டாள், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பக்கிரி படம் பிடித்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், வாயைத் திறக்கவில்லை. அக்கா மகன் முன்னால் வெட்கமாக இருந்தது. தனக்கொடி என்னை ஒரு தடவை பார்த்தாள், பார்த்துவிட்டு, நாங்க தொடச்சுக் குடுத்துடறோங்க என்றாள். அதற்கான செலவு தன் தலையில் விழப்போகிறது என்று தெரிந்தும் என் பேரைச் சொல்லவில்லை. மறுநாள் காலை சோப்புத்தூள் போட்டு அவள் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், கறை போகவில்லை, இன்னும் அகலமாகத்தான் ஆனது. பக்கிரி அற்பன், நீ கணக்குப் பார்க்கிறவன், ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் நின்றவர்களில் நான்தான் மட்டமானவன்.

அட்வான்ஸ் என் பேரில் உள்ள கணக்கில்தானே கிடக்கிறது, வியாழக்கிழமை பேங்குக்குப் போய் எடுத்துவந்தேன். அக்ரிமென்டில் எழுதியபடி பெயின்டுக்கு ஒரு மாத வாடகை எட்டாயிரம், கல்லுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, தாழ்ப்பாளுக்கு ஆயிரத்து இருநூறு, இவ்வளவும் பிடித்துக்கொண்டு மீதி நாற்பத்தேழாயிரத்து முந்நூறைத் தனக்கொடி கையில் எண்ணிக் கொடுத்தேன். பக்கிரியைக் கூப்பிட்டுவைத்து, அந்தக் கறை யாருடையது என்றும் சொன்னேன். இரண்டு போனும் அவன் பையிலேயே இருந்தன. நேற்று அவர்கள் சாமான் ஏற்றிக்கொண்டு சாரத்துக்குப் போய்விட்டார்கள். கண்ணையன், ஷேர் ஆட்டோ நம்புளுதுதான், மதியம் சோத்துக்கு வந்து இட்டுகினு போறேன் நைனா என்றான், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலை நானே ரவை கிண்டினேன், அடிப்பிடித்துவிட்டது.

கோபத்தில் எழுதினேன், மனதில் வைத்துக்கொள்ளாதே, ஆனால் எழுதியதில் ஒரு வார்த்தையும் திரும்ப வாங்கமாட்டேன். நீயும் சிந்துஜாவும் குறைவில்லாமல் வாழ வேண்டும், அம்மாவும் மேலிருந்து பார்த்துக்கொள்வாள். காதை மூடித் துணி கட்டாமல் பனியில் போகாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மேல் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, பக்கிரியிடம் கொடுக்கப்போவதில்லை. பொங்கலுக்கு நீ வந்து அந்தச் சுவரில் விரலை வைத்துப் பார், கீறுகிறதா வழவழவென்று இருக்கிறதா என்று நீயே சொல், அதுவரை யாரும் வெள்ளையடிக்க வேண்டாம். அப்படியும் ஆறாயிரத்து ஐந்நூறு வேண்டுமென்றால், எனக்கு நீ மாதாமாதம் அனுப்பும் பணத்தில் பிடித்துக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா சாமிக்கண்ணு,
உன் பட்டியலில் பதினோராவது.