உன் தந்தை குடித்ததில்லை

இப்ராஹிமிய்யா, அலெக்ஸாந்திரியா
மார்ச் 12

அன்புள்ள மகன் ரவூஃபுக்கு,

உன் அத்தை அடேல் நீ இருக்கும் மெல்போர்ன் வரை பரப்பியிருக்கும் செய்தி பொய். எழுபத்தெட்டு வயதில் நான் குடிக்கத் தொடங்கவில்லை. என் கண் மஞ்சளானது உண்மை. ஈரல் தழும்பேறிப்போனதும் உண்மை. மீதியைத் தேவாலய வாசலில் நின்று அவளே சேர்த்துக்கொண்டாள். "தனியா கிடக்கிற பொம்பள, வேற என்ன பண்ணுவா, பாவம்" என்றாளாம். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

டாக்டர் நிவீன் உன்னைவிடச் சிறியவள். என் எடை ஐம்பத்தொரு கிலோ, கன்னியர் மடப் பள்ளியில் படித்த காலத்து இடுப்பளவு இன்னும் மாறவில்லை என்று அவளிடம் சொன்னேன். "மதாம் மார்செல், கொழுப்பு இடுப்புலதான் உக்காரணும்னு சட்டமா? உங்களுக்கு ஈரலுக்குள்ள போய் உக்காந்திருக்கு. குடிக்காதவங்களுக்கும் வரும், ஒல்லியானவங்களுக்கும் வரும். கண்ணாடியில தெரியாது, அவ்வளவுதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ஈரல் கெட்டு இறந்த உன் தந்தையின் மருத்துவக் காகிதங்கள் அங்கேயே இருந்தன. மறுநாள் அவற்றை அவள் மேசையில் வைத்தேன். வெகுநேரம் படித்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குடிச்சாருன்னு காட்டுற எதுவும் இதுல இல்ல. சர்க்கரை அப்பவே ஏறியிருக்கு. உங்க நோய்தான் அவருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள்.

அன்று நான் நம்பியது உனக்குத் தெரியும். நம் நாட்டில் ஈரல் கெட்டால் முதலில் கிருமியைத் தேடுவார்கள். அவருக்கு இரண்டு முறை தேடினார்கள், இல்லை. உடம்பில் சதையும் இல்லை, வயிறு மட்டும் நீர் கோத்து வீங்கியது. சுங்க அலுவலக நண்பர்களோடு அரக் சாராயம் குடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். கோட்டுப் பைகளை முகர்ந்தேன். பாதிரியார் அபூனா யொஹன்னாவை வரவழைத்து, வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னேன். வைத்தார். "ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல, அபூனா" என்றார். "சத்தியத்துலயும் பொய்யா, நஸீஃப்?" என்று பாதிரியார் முன்னாலேயே கேட்டேன். உன் தந்தை மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். அதன்பின் ஏழு மாதம் உயிரோடு இருந்தார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டார் என்று உனக்கு எழுதியதும் நான்தான். நீ அடக்கத்துக்கு வரவில்லை.

இப்போது பெரிய நோன்பு நடக்கிறது. இறைச்சி, பால், முட்டை தொடாத ஐம்பத்தைந்து நாளும் உடம்பு சுத்தமாகிறது என்றே நினைத்திருந்தேன். அந்த நாட்களில் வெள்ளை ரொட்டியும் எள் அல்வாவும், நான்கு கரண்டி சர்க்கரை போட்ட தேநீரும் அவருக்கு என் கையால்தான் வைத்தேன். மெலிந்துபோகிறாரே என்று அல்வாவில் ஒரு துண்டு கூடுதலாகவே வைத்தேன். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, குடும்ப ரத்தத்திலும் வரும் என்கிறாள் நிவீன். அவள் நல்ல பெண்.

என் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, ரவூஃப். ஆனாலும் மாலை நான்கு மணிக்குத் தேநீர்க் குவளையில் கரண்டி சுற்றும் ஓசை கேட்கிறது. சமையலறையில் யாரும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் என் முகத்தில் இருப்பவை அவருடைய மஞ்சள் கண்கள். நேற்று உரக்கவே சொன்னேன்: "நீங்க குடிக்கல, நஸீஃப்." கரண்டி நிற்கவில்லை.

போன வாரம் தொலைபேசியில் நீ சிரித்தாய். "இங்க எல்லாரும் என்னைவிட ரெண்டு மடங்கு இருக்காங்கம்மா. நான் குடிக்கிறதும் இல்ல. எனக்கு எதுக்கு டெஸ்டு?" என்றாய். தந்தையைப்போல் ஆகிவிடக் கூடாதென்றுதான் நீ மதுவைத் தொடுவதில்லை. அதுவே போதிய காவல் என்று உன்னை நம்பவைத்தவள் நான். உனக்கு அவருடைய ஒடுங்கிய தோள்கள். நீயும் அதே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

ரத்தப் பரிசோதனை செய்துகொள், ஈரலை ஸ்கேன் எடு. என்னைப் பார்க்க வருவதைப் பிறகு பார்க்கலாம். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும்.

மருத்துவர் சொல்வதைக் காகிதத்தில் உன் கையால் எழுதி அனுப்பு. உன் தந்தையைப் பற்றியும் ஒரு வரி எழுது. அது எப்படிப்பட்ட வரியானாலும் வாசிப்பேன். தயவுசெய்து பதில் எழுது.

உன் தாய்,
மார்செல் நஸீஃப்