கோழிக்குஞ்சுகளை மூடியிருந்த சல்லடை

பிரியமுள்ள அண்ணா,

நீ எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. இப்போதுதான் எழுதுகிறேன். நீ பார்க்காமலே போன உன் மருமகள் யாழினிக்கு எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்கு உன் வீட்டுக்கு வந்தவள், இன்னும் அண்ணியோடுதான் இருக்கிறேன்.

மலையில் இன்று மூடுபனி. கொல்லையில் உன் சாண கேஸ் தொட்டியின் இரும்பு மூடி, கேஸ் நிறைய நிறைய, தூங்கும் குழந்தையின் வயிறு போல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. நடுவில் அது அடங்கிப் போயிருந்தது, அண்ணா. என்னால்தான்.

யாழினிக்குப் புகை ஆகாது. விறகு அடுப்பு மூட்டினால் இழுப்பு வந்துவிடும். நான் அவள் மூச்சையே எண்ணிக்கொண்டு கிடப்பேன். உன் கேஸ் எரிகிற நாட்களில்தான் எனக்கும் மூச்சு வரும். இரண்டு மாட்டுச் சாணம் போதாது என்றுதானே, மழையில் நனைந்து மாடு முகர்ந்து ஒதுக்கிய சாமை வைக்கோலைப் பழைய அரவை மெஷினில் உடைத்துத் தொட்டியில் சேர்த்தாய்? நானும் அப்படியே செய்துவந்தேன்.

மெஷினுக்குள் நீ மாட்டியிருந்த சல்லடையின் ஓட்டையில் என் சுண்டுவிரல் நுழைந்தது. தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றி எறிந்தேன். கேழ்வரகு அரைக்கிற சல்லடையை மாட்டினேன். வேதியியல் படித்தவள், பொடி நைஸாக இருந்தால் கிருமிகள் சீக்கிரம் தின்னும் என்று தெரியும். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. அந்த வாரம்தான் யாழினிக்கு முதல் கூழ். தொண்டையில் சிக்குமோ என்ற பயத்தில் மாவைத் துணியில் இரண்டு முறை சலித்தேன். அதே கையோடு தொட்டிக்கும் அரைத்தேன். விரலில் தேய்த்துப் பார்த்து, நறநறப்பு இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்று நாள் மூடி விறுவிறுவென்று எழும்பியது. நான்காம் நாள் தீக்குச்சி காட்டினால் பற்றவில்லை. தொட்டியில் புளிப்பு வாசனை. பசிக்கிறதோ என்று இன்னும் கொஞ்சம் அரைத்து ஊற்றினேன்.

வயலிலிருந்து வந்த அண்ணி மோந்து பார்த்தார்.

"இன்னா கண்ணு, தொட்டிக்குப் பல்லு இல்லைன்னு நெனச்சிட்டியா? உங்க அண்ணன் குருணை மாதிரி ஒடச்சிதான் போடுவாரு. மாவா போட்டா ஒரே மூச்சுல தின்னுட்டு வயிறு புளிச்சிப் போயிடும்னு சொல்வாரு."

"அந்தச் சல்லடை எங்க அண்ணி?"

"நீதானே பழசுன்னு தூக்கிப் போட்ட? கோழிக்குஞ்சு மேல கவுத்து வெச்சிருக்கேன். பருந்து தூக்காம இருக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். வளைந்த தகடு, அதன் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி அலகு.

உனக்கும் இப்படி ஒருமுறை புளித்திருக்குமோ? யாரிடமும் சொல்லாமல் நீ மட்டும் சிரித்துக்கொண்டாயா? மெஷின் இரைச்சலில் நீ எதையோ முணுமுணுத்துப் பாடுவாயே, அது என்ன பாட்டு?

வைக்கோலை நிறுத்தினோம். புளிப்பு முறியக் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர், அப்புறம் கரைத்த சாணம் மட்டும், அதுவும் சிறிது சிறிதாக. தொட்டி தேறும்வரை அண்ணி புளியமரத்தடியில் மூன்று கல் வைத்துச் சமைத்தார். தூறலிலும் அங்கேயேதான். "கொயந்தய வெளிய கொண்டாராத" என்று மட்டும் அவ்வப்போது குரல் கேட்கும்.

இன்று காலை அடுப்பு பற்றியது. பகல் வெளிச்சத்தில் அந்த நீலம் இருக்கிறதா, நான் கனவு காண்கிறேனா என்றே புரியவில்லை. உள்ளங்கையை மேலே பிடித்த பிறகுதான் நம்பினேன். யாழினி இடுப்பில் இருந்தாள். அவள் நெஞ்சில் காது வைத்தேன். இழுப்புச் சத்தம் துளியும் இல்லை.

தை மாதம் அவளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லை. அண்ணி மடியில்தான் உட்கார வைப்பேன், யார் முகம் சுளித்தாலும்.

உன் சல்லடை மெஷினுக்குத் திரும்பிவிட்டது. குஞ்சுகளுக்குக் கூடை வாங்கியாயிற்று. இன்னொன்றும் உனக்குச் சொல்லிவைக்கிறேன், அண்ணா: நாளைக்கு யாழினியின் கூழை ஒருமுறைதான் சலிப்பேன். பயந்துகொண்டுதான் ஊட்டுவேன். ஆனால் கொஞ்சம் நறநறப்போடு ஊட்டுவேன்.

உன் மருமகளைப் பெற்றவள்,
உன் தங்கை